நியூஜெர்சியிலிருந்து டெக்சாஸ் போகும்போது ஃபுட் ஸ்டாம்ப் கூட வருமா?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். எடிசனில் ஐந்து பேர் கொண்ட குடும்பம். கணவருக்கு வேலை போய்விட்டது. 6 வயதுப் பையன், ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, கூடவே 67 வயது மாமியார். மாமியார் குடியுரிமை பெற்றவர், கணவன் மனைவி இருவருக்கும் கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் தாண்டிவிட்டது. நியூஜெர்சியில் ஸ்னாப் (ஃபுட் ஸ்டாம்பின் இப்போதைய பெயர்) வருகிறது, குழந்தைக்கு விக் (தாய்மாருக்கும் சின்னக் குழந்தைகளுக்குமான உணவு உதவி) வருகிறது. இந்த மாதக் கடைசியில் டாலஸ் பக்கம் கணவரின் அண்ணன் வீட்டுக்குக் காரிலேயே கிளம்புகிறார்கள். வழியில் ஸ்னாப் பணம் விழும் கார்டு வேலை செய்யுமா, அங்கே போனதும் கேஸை, அதாவது உதவிக்கான பதிவை, மாற்றிக் கொடுப்பார்களா, நடுவில் ஒரு மாதம் ஒன்றும் வராமல் போய்விடுமா என்பதுதான் கேள்வி.

முதலில் நல்ல சேதி. கார்டு எல்லா மாநிலத்திலும் வேலை செய்யும். அதில் இருக்கும் பணம் உங்களுடையது, மாநில எல்லையைத் தாண்டியதும் அது செல்லாமல் போகாது. ஆனால் கேஸ் உங்களோடு வராது. நியூஜெர்சி கேஸை டெக்சாஸுக்கு 'டிரான்ஸ்ஃபர்' செய்யும் வழியே கிடையாது. நியூஜெர்சியில் மூட வேண்டும், டெக்சாஸில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் தேதியைச் சரியாகப் பிடித்தால் ஒரு மாதம்கூட விடுபடாது. பிடிக்கத் தவறினால் ஒன்று பணம் நிற்கும், இல்லையென்றால் ஒரே மாதத்துக்கு இரண்டு மாநிலத்திலும் வாங்கியதாக ஆகிவிடும். இரண்டாவதுதான் பெரிய தலைவலி.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஸ்னாப் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஃபுட் ஸ்டாம்ப் என்ற பெயரில் நிலையான திட்டமானது, 2008இல்தான் ஸ்னாப் என்று பெயர் மாறியது. நம் அக்கவுன்டில் விழும் பணம் ஃபெடரல் அரசுடையது, ஆனால் விண்ணப்பம் வாங்குவது, நேர்காணல் வைப்பது, தகுதி பார்ப்பது எல்லாம் மாநிலத்தின் வேலை. நியூஜெர்சியில் அதையும் கவுன்டி அலுவலகங்களே பார்க்கின்றன. காகிதக் கூப்பன் போய் இபிடி கார்டு (இப்போது நாம் கடையில் தேய்க்கும் ஸ்னாப் கார்டு) வந்தபோது, ஒரு மாநிலத்தின் கார்டு எந்த மாநிலக் கடையிலும் செல்ல வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் தனியாகவே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதனால் கார்டின் முகம்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: நியூஜெர்சியில் ஃபேமிலீஸ் ஃபர்ஸ்ட், டெக்சாஸில் லோன் ஸ்டார், இல்லினாயில் லிங்க். கலிஃபோர்னியாவில் திட்டத்தின் பெயரே கால்ஃப்ரெஷ். டென்னசியில் கேஷியர் உங்கள் நியூஜெர்சி கார்டைப் பார்த்து, 'இது எங்க ஊர் கார்டு இல்லையே' என்று தயங்கினால் பதற வேண்டாம். கார்டைத் தேய்த்து, பின் நம்பரைப் போடுங்கள், போய்விடும்.

வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பார்ப்போம். பென்சில்வேனியா, வர்ஜீனியா, டென்னசி, ஆர்கன்சா என்று போவீர்கள். வழி நெடுக வால்மார்ட், ஆல்டி, குரோகர் எல்லாம் இருக்கின்றன, பெட்ரோல் பங்கை ஒட்டிய சின்னக் கடைகள் பலவும் இபிடி வாங்கும். சூடான சாப்பாடு வாங்க முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கவுன்டரில் சூடாக வைத்திருக்கும் கோழி, சூப், பீட்சா எதுவும் ஸ்னாப்பில் வராது. அதே கடையில் குளிரூட்டிப் பெட்டியிலிருக்கும் சாண்ட்விச், தயிர், பால், வாழைப்பழம், ரொட்டி, சிப்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் வரும். காரில் ஒரு ஐஸ் பெட்டியும், ஓட்டலில் சோறு வைக்கச் சின்ன ரைஸ் குக்கரும் இருந்தால் குழந்தைகளை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். டயப்பர், சோப்பு, மாத்திரை, வைட்டமின் இவற்றுக்குக் கையில் காசு வேண்டும். டென்னசியில் மளிகைக்கும் விற்பனை வரி உண்டு, ஆனால் ஸ்னாப்பில் வாங்கும் பொருளுக்கு எந்த மாநிலத்திலும் வரி போடக்கூடாது. ரசீதில் வரி ஏறியிருந்தால் அங்கேயே கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மாமியாருக்கு 60 வயது தாண்டிவிட்டதால் ஓட்டலில் சாப்பிடலாமா என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், வீடில்லாதவர்கள் குறிப்பிட்ட ஓட்டல்களில் ஸ்னாப்பில் சாப்பிடும் திட்டம் சில மாநிலங்களில் இருக்கிறது. கலிஃபோர்னியா, அரிசோனா, வர்ஜீனியா, நியூயார்க் அவற்றில் சில. ஆனால் அந்தந்த மாநிலம் தன் கார்டில் அதற்கென ஒரு குறியீடு வைத்திருக்கும். நியூஜெர்சி கார்டை நம்பி அங்கே ஓட்டலில் போய் உட்காராதீர்கள்.

இந்தியன் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சில கடைகள் இபிடி வாங்கும், சில வாங்காது. அரிசி மூட்டை, துவரம்பருப்பு, தேங்காய் எல்லாம் வண்டியில் ஏற்றி பில் போட்ட பிறகு 'இங்கே எடுக்க மாட்டோம்' என்று சொன்னால் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முன்னால் சங்கடமாக இருக்கும். கதவிலோ கல்லாப் பக்கத்திலோ இபிடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று உள்ளே நுழையும்போதே பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கார்டுக்கான செயலியைத் திறந்து, வெளிமாநிலப் பரிவர்த்தனை தடை செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திருட்டைத் தடுக்க பல மாநிலங்களின் செயலிகளில் இந்தப் பூட்டு வசதி வந்துவிட்டது. எப்போதோ போட்டு மறந்திருப்பீர்கள், அது இருந்தால் மாநிலத்தைத் தாண்டிய முதல் கடையிலேயே கார்டு மறுக்கும். பயணத்துக்கு முன் திறந்துவிடுங்கள். செயலி இல்லையென்றால் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் பேசினால் போதும்.

திருட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான இபிடி கார்டுகளில் இன்னும் சிப் கிடையாது, பின்னால் காந்தப் பட்டை மட்டும்தான். கடையில் கார்டு தேய்க்கும் மெஷின் மேல் போலி மூடி ஒன்றை மாட்டி, கார்டு எண்ணையும் பின் நம்பரையும் எடுத்துக்கொண்டு, பணம் விழுந்த அன்று இரவே வேறொரு மாநிலத்தில் துடைத்துவிடுகிறார்கள். முன்பு இப்படிப் போன பணத்தை ஃபெடரல் நிதியிலிருந்து திருப்பித் தந்தார்கள். அந்த ஏற்பாடு 2024 டிசம்பர் 20ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது போனால் போனதுதான். ஒரு தாயார் மாதத்தின் இரண்டாம் நாள் மளிகைக் கடையில் நின்று, கார்டில் சில்லறைதான் மிச்சம் என்று தெரிந்து, வண்டியில் வைத்த பால் டப்பாவை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: பழக்கமில்லாத ஊர்களில் கார்டு தேய்க்கும் முன் அந்த மெஷினைக் கையால் அசைத்துப் பாருங்கள், மூடி தளர்வாக இருந்தால் வேறு கவுன்டருக்குப் போங்கள். பின் நம்பரை அழுத்தும்போது மறு கையால் மறையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் பின் நம்பரை மாற்றிவிடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கேஸை எப்போது மூடுவது, எப்போது புதிதாகப் போடுவது?

விதி மிகத் தெளிவானது. ஒருவர் ஒரு மாதத்தில் ஒரு மாநிலத்தில்தான் ஸ்னாப் வாங்க முடியும். எந்த மாநிலத்தில் வசிக்கிறாரோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். அதேசமயம் இத்தனை நாள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று எந்த மாநிலமும் நிபந்தனை போட முடியாது. டெக்சாஸில் போய் இறங்கிய மறுநாளே விண்ணப்பிக்கலாம். சொந்த வீடோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும் என்பதில்லை, அண்ணன் வீட்டில் தங்கியிருப்பதே வசிப்பிடம்தான்.

நியூஜெர்சியில் மாதத்தின் முதல் ஐந்து நாளுக்குள் பணம் விழுந்துவிடும். நீங்கள் அக்டோபர் கடைசியில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அக்டோபர்ப் பணம் ஏற்கெனவே நியூஜெர்சியிலிருந்து வந்துவிட்டது. அப்படியானால் கிளம்பும் முன் கவுன்டி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்: 'இந்தத் தேதியில் மாநிலத்தை விட்டுப் போகிறோம், அக்டோபரோடு கேஸை மூடிவிடுங்கள், மூடியதற்குக் கடிதம் கொடுங்கள்.' இந்த மூன்றையும் எழுத்தில் அனுப்பி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலர் ஆர்வக்கோளாறில் ஒரு மாதம் முன்னதாகவே மூடச் சொல்லிவிடுகிறார்கள், அப்போது கடைசி மாதப் பணம் நின்றுபோகும். இன்னும் பலர் சொல்லாமலே போய்விடுகிறார்கள், அது இன்னும் மோசம்.

மூடிய கடிதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், டெக்சாஸ் அலுவலகம் உங்கள் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்பது 'நியூஜெர்சி கேஸ் மூடியாயிற்றா, கடைசிப் பணம் எந்த மாதத்துக்கு' என்பதைத்தான். கடிதம் கையில் இருந்தால் அன்றே தீர்ந்துவிடும். இல்லாவிட்டால் அவர்கள் நியூஜெர்சியைக் கேட்டு, பதில் வரும்வரை ஃபைல் மேசையில் கிடக்கும். எனக்குத் தெரிந்து மாநிலம் மாறுகிறவர்களுக்குத் தாமதமாவதில் பெரும்பங்கு இந்த ஒரு காகிதத்தால்தான்.

டெக்சாஸ் போய்ச் சேர்ந்ததும் காத்திருக்காமல் விண்ணப்பத்தைப் போடுங்கள். அங்கே ஹெல்த் அண்ட் ஹியூமன் சர்வீசஸ் கமிஷன்தான் பார்க்கிறது. 'யுவர் டெக்சாஸ் பெனிஃபிட்ஸ்' என்ற அவர்களுடைய தளத்தில் ஆன்லைனில் போடலாம், 2-1-1 எண்ணுக்கும் பேசலாம். எல்லா ஆவணமும் சேரட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். பெயர், முகவரி, கையெழுத்து மூன்று இருந்தால் விண்ணப்பத்தை வாங்கியாக வேண்டும் என்பது சட்டம், அன்றைய தேதிதான் உங்கள் தேதி. மீதியைப் பிறகு கொடுக்கலாம். முதல் மாதப் பணத்தை விண்ணப்பத் தேதியிலிருந்து கணக்கிட்டுத்தான் தருவார்கள், ஆகவே நவம்பர் 1ஆம் தேதி போட்டால் முழு மாதம், 16ஆம் தேதி போட்டால் ஏறக்குறைய பாதி. பையை அவிழ்த்து அடுக்கிவிட்டு மெதுவாகப் பார்க்கலாம் என்று இருப்பவர்கள் இழப்பது இங்கேதான்.

முடிவு சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கையில் ஒன்றுமே இல்லாத குடும்பங்களுக்கு 7 நாளுக்குள் தர வேண்டும் என்ற அவசர வழியும் இருக்கிறது: மாத வருமானம் 150 டாலருக்குக் கீழே, கையிருப்பு 100 டாலருக்கு மேல் இல்லை என்றால் அதில் வருவீர்கள். அல்லது வருமானமும் கையிருப்பும் சேர்ந்து வாடகை, மின்சாரம், தண்ணீர்க் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தாலும் வரும். அண்ணன் வீட்டில் வாடகையின்றித் தங்கினால் இரண்டாவது வழி பெரும்பாலும் பொருந்தாது. இன்னொன்று, அக்டோபர்ப் பணம் நியூஜெர்சியில் வாங்கியிருந்தால் அவசர வழியில் போனாலும் அக்டோபருக்கு இரண்டாம் தடவை தரமாட்டார்கள். டெக்சாஸில் பணம் விழும் நாள் கேஸ் எண்ணைப் பொறுத்து 1 முதல் 28 வரை எதுவாகவும் இருக்கலாம். நியூஜெர்சியில் மாதத் தொடக்கத்திலேயே வாங்கிப் பழகியவர்களுக்கு இது ஒரு அதிர்ச்சி. அதனால் அக்டோபர்ப் பணத்தை முழுக்கச் செலவழித்துவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு போங்கள். கெடாத பொருளை நியூஜெர்சியிலேயே வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டாலும் சரி.

நவம்பர் முதல் வாரத்தில் நியூஜெர்சி கார்டில் இன்னொரு மாதப் பணம் விழுந்துவிட்டால் என்ன செய்வது? தொடாதீர்கள். உடனே நியூஜெர்சி அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். வந்ததுதானே என்று செலவழித்தால் பிறகு அதைத் திருப்பிக் கேட்பார்கள், கட்டாமல் விட்டால் வருமான வரி ரீஃபண்டில் பிடித்தம் செய்யும் அளவுக்குப் போகும். இன்னொரு ஆபத்தான யோசனையும் சொந்தக்காரர்களிடமிருந்து வரும்: 'இப்பவே அண்ணன் அட்ரஸைப் போட்டு அங்கே அப்ளை பண்ணிடு, போறதுக்குள்ளே கார்டு வந்துடும்.' நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் இருக்காத ஊரில் இருப்பதாகச் சொல்லி இரண்டு இடத்தில் வாங்குவது மோசடி, நிரூபணமானால் 10 வருடத்துக்கு ஸ்னாப்பே கிடையாது. யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். மாநிலங்கள் ஒன்றோடொன்று பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை ஃபுளோரிடா, ஜார்ஜியா உள்ளிட்ட ஐந்து தென்மாநிலங்கள் முதலில் சோதித்துப் பார்த்தன, அதை நாடு முழுக்கக் கொண்டுவர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் சொல்லிவிட்டது.

ஒரே மாதத்தில் இரண்டு கேஸில் வாங்கக் கூடாது என்ற விதிக்கு ஒரே ஒரு மனிதாபிமான விலக்கு உண்டு. வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறி, பெண்களுக்கான பாதுகாப்பு இல்லத்தில் சேர்ந்தவர், பழைய குடும்பத்தின் கேஸில் தன் பெயர் அந்த மாதம் இருந்தாலும், தனக்கும் குழந்தைகளுக்கும் தனியாக உடனே வாங்கிக்கொள்ளலாம். கணவன் கையில் கார்டு இருக்கிறதே என்று எந்தப் பெண்ணும் தயங்கி நிற்கக் கூடாது. இதைப் படிக்கும் யாருக்காவது தேவைப்படலாம் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது உங்கள் கேள்வியில் இல்லாதது, ஆனால் உங்கள் குடும்பத்தைத்தான் அதிகம் பாதிக்கப்போவது: அண்ணன் வீட்டு அடுப்பு. ஸ்னாப்பில் குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் அல்ல, சேர்ந்து மளிகை வாங்கிச் சேர்ந்து சமைப்பவர்கள். நீங்கள் அண்ணன் வீட்டில் போய் எல்லாரும் ஒரே உலையில் சோறு வடித்தால், அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் உங்கள் கேஸில் வருவார்கள், அண்ணனின் சம்பளமும் கூடவே வரும். ஐடி சம்பளம் ஒன்று உள்ளே வந்தால் கேஸ் அங்கேயே முடிந்தது. மாறாக, நீங்கள் தனியாக வாங்கித் தனியாகச் சமைத்தால் சட்டப்படி தனிக் குடும்பம். அண்ணன் தம்பி என்பதற்காகச் சேர்க்க மாட்டார்கள். கணவன் மனைவியையும், 22 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோரோடும்தான் கட்டாயமாகச் சேர்ப்பார்கள்.

நம் வீடுகளில் இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். வந்த தம்பி குடும்பம் ஃபிரிட்ஜில் தனித் தட்டு வைத்துக்கொண்டு, தனிப் பாத்திரத்தில் சாம்பார் வைத்தால் அண்ணி மனம் நோகும். ஆனால் விண்ணப்பத்தில் தனி என்று எழுதிவிட்டு வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுவது பொய்யான வாக்குமூலம். எது உண்மையோ அதை எழுதுங்கள். தனியாகச் சமைக்க முடிவெடுத்தால் கிளம்பும் முன்பே அண்ணன் அண்ணியிடம் காரணத்தைச் சொல்லிப் பேசிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். 'என் வீட்டில் தங்கியிருக்கிறார்கள், மளிகையும் சமையலும் தனி' என்று அண்ணனிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் கேஸ்வொர்க்கரின் பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

தொகை மாறுமா? 48 மாநிலங்களிலும் அதிகபட்சத் தொகை ஒன்றுதான். 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரை நான்கு பேர் குடும்பத்துக்கு 994 டாலர், ஐந்து பேருக்கு 1,183 டாலர். அலாஸ்காவிலும் ஹவாயிலும் கூடுதல். ஆனால் தகுதி வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூஜெர்சி வறுமைக் கோட்டின் 185 சதவீத வருமானம் வரை எடுத்துக்கொள்கிறது, டெக்சாஸில் 165, கலிஃபோர்னியாவில் 200. நியூஜெர்சியில் பெரும்பாலோருக்கு வங்கி இருப்பைப் பார்ப்பதில்லை, டெக்சாஸ் பார்க்கும். பொதுவாக 5,000 டாலர் வரம்பு, காரின் மதிப்பும் ஓர் அளவுக்கு மேல் போனால் கணக்கில் வரும். வேலை போனபோது கம்பெனி மொத்தமாகக் கொடுத்த பணம் வங்கியில் இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். 401கே போன்ற ஓய்வூதியக் கணக்கை எண்ண மாட்டார்கள், அதை அவசரப்பட்டு உடைக்காதீர்கள். நியூஜெர்சியின் வேலையிழப்பு உதவித்தொகை டெக்சாஸ் போன பிறகும் வந்தால் அதுவும் வருமானம்தான், எழுத வேண்டும். மாமியார் உங்கள் கேஸில் இருப்பது ஒருவகையில் நல்லது. 60 வயதுக்கு மேற்பட்டவர் இருக்கும் குடும்பத்துக்கு மொத்த வருமானத்தைப் பார்க்காமல் கழிவுகள் போக நிகர வருமானத்தை மட்டும் பார்க்கும் வழி உண்டு, அவருடைய மருத்துவச் செலவில் மாதம் 35 டாலருக்கு மேற்பட்டதைக் கழித்துக்கொள்ளவும் முடியும். மருந்துக் கடை ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

நியூஜெர்சி தன் சொந்தப் பணத்தில் கூட்டித் தரும் தொகை மட்டும் டெக்சாஸ் வராது. ஃபெடரல் கணக்கில் குறைந்தபட்சமாக 24 டாலர் வர வேண்டிய வயதானவர்களுக்கும் அங்கே மாநில நிதி சேர்த்து 95 டாலராக்கித் தருகிறார்கள். அப்படி வாங்கும் பெற்றோர் யாராவது மாநிலம் மாறினால் தொகை விழுந்துவிட்டதே என்று கேஸ்வொர்க்கரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. இன்னொரு வித்தியாசம்: டெக்சாஸில் 2026 ஏப்ரல் 1 முதல் மிட்டாயும் இனிப்புப் பானங்களும் ஸ்னாப்பில் வாங்க முடியாது. மற்றபடி மளிகைப் பட்டியல் ஒன்றுதான்.

குழந்தையின் விக் விஷயம் முற்றிலும் வேறு. விக் கார்டு நியூஜெர்சி எல்லையைத் தாண்டினால் உதவாது, எந்தப் பிராண்டு, எந்த அளவு என்பதையெல்லாம் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்கிறது. ஆனால் ஸ்னாப்புக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு, தகுதியை உண்மையிலேயே மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் இப்போது போகும் நியூஜெர்சி விக் கிளினிக்கில் 'வெரிஃபிகேஷன் ஆஃப் சர்டிஃபிகேஷன்' என்று கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டினால், அதில் எழுதியிருக்கும் காலம் முடியும்வரை டெக்சாஸ் விக் புதிதாகத் தகுதி பார்க்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த மாதத்துப் பால், முட்டை, பழம் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள், விக்கில் மாதம் முடிந்தால் மிச்சம் அழிந்துவிடும்.

பையனை அங்கே பள்ளியில் சேர்க்கும்போது ஸ்னாப் வருகிறது என்று சொன்னால் மதியச் சாப்பாடு இலவசம், தனி வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். கோடை விடுமுறைக்குப் பிள்ளைக்கு 120 டாலர் தரும் திட்டத்தில் நியூஜெர்சி இருக்கிறது, டெக்சாஸ் 2024இலும் 2025இலும் சேரவில்லை. குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டும் மாநிலத்தோடு நின்றுவிடும். டெக்சாஸ் அதைப் பெரியவர்களுக்கு விரிவுபடுத்தவில்லை, குழந்தைகளுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம், கணவன் மனைவிக்குக் கிடைப்பது அரிது. மாமியாரின் மருந்துகளைக் கிளம்பும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாமியாரைப் பற்றிப் பேசும்போது, நம்மவர்கள் பலரும் கேட்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா நான்கு மாதம் மகன் வீட்டில், நான்கு மாதம் வேறொரு மாநிலத்தில் மகள் வீட்டில் என்று மாறி மாறி இருப்பார். மகளைப் பார்க்க மூன்று வாரம் போய் அங்கே கார்டைத் தேய்ப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் எல்லாச் செலவும் வெளிமாநிலத்திலேயே நடந்தால் அலுவலகம் கேட்டுக் கடிதம் போடக்கூடும், பதில் போடாவிட்டால் கேஸ் மூடும். எந்த வீடு அம்மாவுக்கு நிரந்தரம் என்று குடும்பமாக முடிவு செய்து அந்த மாநிலத்தில் மட்டும் வாங்குங்கள். மகனும் மகளும் தத்தம் கேஸில் அம்மா பெயரைச் சேர்த்திருந்தால் தவறு அம்மா தலையில் விழும். அம்மா ஊருக்குப் போய்வந்தாலும் தெரிவியுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே கார்டு எங்கும் செல்லாது. பியூர்ட்டோ ரிக்கோ சுற்றுலா போனால் அங்கும் செல்லாது, அங்கே தனித் திட்டம். குவாமிலும் வர்ஜின் தீவுகளிலும் செல்லும்.

பிள்ளை இல்லாமல் தனியாக இருக்கும் இளைஞர்கள் மாநிலம் மாறினால் ஒரு எச்சரிக்கை. வேலை நிபந்தனையைப் பூர்த்தி செய்யாமல் 36 மாதத்தில் 3 மாதம் மட்டுமே வாங்கலாம் என்ற கணக்கு மாநிலம் மாறினால் பூஜ்யத்திலிருந்து தொடங்காது, பழைய மாதங்களும் கூடவே வரும். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருப்பதால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

டெக்சாஸ் அலுவலகம் 30 நாள் தாண்டியும் முடிவு சொல்லவில்லை என்றாலோ, காரணம் சரியில்லாமல் மறுத்தாலோ, முறையீட்டு விசாரணை கேட்க உங்களுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. வாய்மொழியாகவே கேட்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. அதுவரை அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இலவசமாக மளிகை தரும் ஃபுட் பேன்ட்ரியின் முகவரியை 2-1-1 சொல்லும், போய் வாங்கிக்கொள்ளுங்கள், கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லோன் ஸ்டார் கார்டு வந்த சந்தோஷத்தில் பழைய நியூஜெர்சி கார்டை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். கேஸ் மூடினாலும் அதில் மிச்சமிருக்கும் பணத்தை டெக்சாஸ் கடையிலேயே செலவழிக்கலாம். 274 நாள் தொடாமல் விட்டால்தான் திரும்பப் போய்விடும்.